உட்கார முடியாதவர்களின் இரவு

இரவுப் பணிக்குப் போனதும் அவசர சிகிச்சைப் பிரிவில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் நின்றுகொண்டே இருக்கிறவர் யாராவது உண்டா என்று பார்ப்பது எனக்குப் பழகிப்போனது. பல இரவுகளில் ஒருவர் இருப்பார். சுவரில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு, வியர்த்துப்போய் நிற்பார். உட்காருங்கள் என்றால் "பரவாயில்ல மேடம், நிக்கிறேன்" என்பார். என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் வர நேரமாகும். கூட வந்த மனைவியோ அண்ணனோ குரலைத் தாழ்த்தி, "மூலம் மாதிரி இருக்குங்க" என்பார்கள்.

நான் ஒரு மாவட்ட மருத்துவமனையில் பொது அறுவை மருத்துவராக வேலை பார்க்கிறேன். இப்படி நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மூலம் அல்ல, ஆசனவாய்ச் சீழ்க்கட்டி. எங்கள் துறை மாநாடுகளில் இதைப் பற்றி யாரும் ஆர்வமாகப் பேசி நான் கேட்டதில்லை. பெரிய புற்றுநோய் அறுவை, துளைவழி அறுவை, ரோபோ என்றுதான் பேச்சு போகும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மனிதர் படுகிற வேதனையை வைத்து அளந்தால், இதற்குக் கீழே வைக்கத்தக்க நோய்கள் நிறைய இருக்கின்றன. இதற்கு உரிய இடத்தை நாமும் கொடுப்பதில்லை, நோயாளிகளும் கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊரில் பேருந்து நிலையச் சுவர், பொதுக் கழிப்பறைக் கதவு, மின்கம்பம் என்று எங்கே பார்த்தாலும் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று ஒட்டியிருக்கும். ஆசனவாயில் எது வந்தாலும் மூலம் என்று நினைத்துக்கொள்வதற்கு அந்தச் சுவரொட்டிகளும் ஒரு காரணம். மூலம் பெரும்பாலும் வலிக்காது, ரத்தம் போகும். வெடிப்பு என்றால் மலம் கழிக்கும்போது உயிர் போகும், கொஞ்ச நேரத்திலோ சில மணி நேரத்திலோ அடங்கும். சீழ்க்கட்டி அடங்காது. நேற்றைவிட இன்று கூடும், காலையைவிட மாலையில் கூடும். விண் விண் என்று நாடித்துடிப்போடு சேர்ந்து தெறிக்கும். இருமினாலும் தும்மினாலும் தாங்க முடியாது. குளிர்காய்ச்சல் வரலாம், சிலருக்குச் சிறுநீர்கூடப் பிரியாமல் அடைத்துக்கொள்ளும். ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாத வலி அந்த இடத்தில் இருந்தால் அது சீழாகத்தான் இருக்கும் என்று எண்ணி வந்துவிடுங்கள். வேறு ஏதாவதாக இருந்தால் நல்லதுதானே.

எப்படி வருகிறது? ஆசனவாயின் விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்ளே, பல்வரிசை போல நெளிந்து ஓடும் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் சிறு சிறு குழிகள். அவற்றில் வந்து திறக்கும் சுரப்பிகள் பொதுவாக ஆறு முதல் பத்து வரை இருக்கும். அவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டுக் கிருமி உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சுரப்பிகளில் பல, மலத்தை அடக்கி வைக்கிற இரண்டு வளையத் தசைகளுக்கு நடுவில் புதைந்திருக்கின்றன. சீழ் அங்கிருந்து வழி தேடும். நேரே கீழே இறங்கினால் தோலுக்கு அருகில் வீக்கமாகத் தெரியும். வெளி வளையத்தைத் துளைத்துக்கொண்டு போனால் புட்டப் பக்கக் கொழுப்பில் பெரிதாகத் தேங்கும். மேலே ஏறினால் இடுப்புத் தளத் தசைக்கும் மேலே போய் ஒளிந்துகொள்ளும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ் 1961இல் இந்தச் சுரப்பிகளின் பங்கைத் தெளிவாக எழுதினார். இந்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பது இப்படி வருபவைதான் என்று இன்றும் சொல்கிறோம்.

நோயாளிகள் சொல்லும் காரணம் சூடு. கோழிக்கறி சாப்பிட்டேன், வெயிலில் வண்டி ஓட்டினேன், பஸ்ஸில் எஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன் என்பார்கள். அதை மறுத்து வாதம் பண்ண எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்வேன்: நீங்கள் சுத்தமாக இல்லாததால் வந்ததல்ல, கெட்ட பழக்கத்தால் வந்ததல்ல. இந்த நோயைக் கூச்சத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருப்பதால் இதைக் கேட்டதும் பலர் அழுதுவிடுகிறார்கள். சர்க்கரை நோயும் புகையும் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. மற்றபடி, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கும் வருகிறது. ஆண்களுக்குப் பெண்களைப்போல் சுமார் இரு மடங்கு வருகிறது.

பெண்கள் வந்து சேர்வது இன்னும் தாமதம். வெளியே காத்திருக்கும்போதே "லேடி டாக்டர் இருக்காங்களா" என்று சிஸ்டரிடம் கேட்பார்கள். நான் இருந்தால் சரி. நான் இல்லாத இரவுகளில் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கும். தயவுசெய்து திரும்பிப் போகாதீர்கள். ஆண் மருத்துவர் பார்த்தாலும் பக்கத்தில் பெண் செவிலியர் இருக்க வேண்டும் என்பது முறை, தயங்காமல் கேளுங்கள். திரைச்சீலை போடச் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் கூட்டம் இருக்கிறது என்பது ஒருவரை நாலு பேர் பார்க்கப் படுக்கவைப்பதற்குக் காரணம் ஆகாது.

வருவதற்குள் பலர் ஒரு சுற்று முடித்திருப்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டிருப்பார்கள். மெடிக்கலில் சொல்லி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். வலி மாத்திரையால் ஒரு நாள் கொஞ்சம் தேவலாம்போல இருந்திருக்கும். அந்த ஒரு நாள் நிம்மதிதான் ஆபத்து. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகும். சீழ் தேங்கிய குழிக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. சுற்றியுள்ள சுவரைத் தொட்டுவிட்டு மருந்து நின்றுவிடும். உள்ளே சீழ் அதன் பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். திறந்து வெளியேற்றுவதுதான் இதற்குச் சிகிச்சை. அதைச் செய்த பிறகு, ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. சர்க்கரை, எதிர்ப்புச் சக்திக் குறைவு, இதய வால்வுக் கோளாறு, சுற்றிலும் தோல் சிவந்து பரவியிருப்பது, உடல் முழுக்க நச்சு ஏறிய அறிகுறி ஆகியவை இருந்தால் கொடுக்கிறோம். விதிவிலக்கும் ஒன்று உண்டு: ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்தவர்களுக்குச் சீழே கட்டாமல் இருக்கலாம், அங்கே மருந்துதான் முதலில்.

இதைத் தள்ளிப்போடுகிற வழக்கம் இன்றைக்கு வந்ததல்ல. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்கு 1686ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தக் கட்டி வந்தது. அரண்மனை வைத்தியர்கள் பத்தும் பூச்சுமாகப் பார்த்தார்கள். அது பவுத்திரமாகி, அதாவது ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோல்வரை ஆறாத ஒரு துளைப்பாதையாகி, அந்த ஆண்டு நவம்பர் 18இல் வெர்சாயில் சார்ல் பிரான்சுவா ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் மன்னரை அறுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். அதற்கு முந்தைய மாதங்களில் ஃபெலிக்ஸ் பாரிஸ் மருத்துவமனைகளின் ஏழை நோயாளிகள்மேல் பழகிப் பார்த்திருந்தார். மன்னர் பிழைத்தார், ஃபெலிக்ஸுக்குப் பொன்னும் நிலமும் கிடைத்தன. அந்த ஏழைகளின் பெயர்கள்தான் எங்கும் இல்லை. நம் நாட்டில் இன்னும் பழைய நூலான சுசுருத சம்ஹிதை, ஆசனவாய் அருகே வருவது பழுக்காத நிலையில் கட்டி, பழுத்து உடைந்தால் பகந்தரம் (நாம் சொல்லும் பவுத்திரம்) என்று ஒரே நோயின் இரண்டு கட்டங்களாகப் பார்த்திருக்கிறது. இன்றைய பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது: கட்டி என்பது முதல் நாள், பவுத்திரம் என்பது மீதிக் கதை.

இனி மருத்துவமனைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். எனக்கு உண்மையான ஆதங்கம் இங்கேதான்.

அவசர அறுவை அரங்கில் ஒரு பட்டியல் இருக்கும். இரவு எட்டு மணிக்கு இந்த நோயாளியின் பெயர் அதில் ஏறும். வாயில் எதுவும் போடக்கூடாது என்று சொல்லிவிடுவோம். ஒன்பது மணிக்கு ஒரு குடல்வால் வெடித்த குழந்தை வரும். சரி, அது முன்னால் போக வேண்டியதுதான். பதினோரு மணிக்கு நெடுஞ்சாலை விபத்து. ஒரு மணிக்குத் தாய்சேய் நலப் பிரிவிலிருந்து சிசேரியன். நாலு மணிக்கு மயக்க மருத்துவர் களைத்திருப்பார். "அது சும்மா ஐ அண்ட் டி தானே, காலையில் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். கீறிச் சீழை வெளியேற்றுவதை நாங்கள் அப்படிச் சொல்வோம். காலையில் வழக்கமான அறுவைப் பட்டியல் தொடங்கிவிடும். நோயாளி பசியோடும் வலியோடும் ஒருக்களித்துப் படுத்தபடி அடுத்த இரவுவரை கிடப்பார். உயிர் போகிற நோய்களுக்கு வழிவிடுவது நியாயம். 'சும்மா' என்ற நினைப்புதான் நியாயமில்லை. காய்ச்சல் இல்லாத, சர்க்கரை இல்லாத ஒருவருக்கு, வலியைச் சரியாகக் கட்டுப்படுத்திக் காலையில் முதல் ஆளாக எடுப்பதில் தவறில்லை. நாடி எகிறிக்கொண்டிருப்பவரையும் சர்க்கரைக்காரரையும் அப்படி விடக்கூடாது. அவர்களுக்கு மணிக்கணக்கில்தான் நேரம்.

இன்னொன்று, இதை யார் செய்கிறார்கள் என்பது. பயிற்சிக்கு வந்த இளையவர் முதன்முதலாகத் தனியாகக் கத்தி எடுக்கிற அறுவை பல இடங்களில் இதுதான். சீழ்தானே, கீறிவிட்டால் வந்துவிடும் என்று நினைப்பார்கள். ஆனால் எங்கே கீறுகிறோம் என்பதில்தான் அந்த நோயாளியின் அடுத்த பல மாதங்கள் அடங்கியிருக்கின்றன. வீக்கம் புட்டத்தில் நாலு விரல் தள்ளித் தெரிந்தாலும், தசைக்குச் சேதம் வராமல் ஆசனவாய்க்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே கீற வேண்டும். நாளைக்குப் பவுத்திரம் வந்தாலும் அதன் பாதை குட்டையாக இருக்கும், சரிசெய்வது எளிது. தள்ளிக் கீறினால் நீண்ட பாதையை நாமே போட்டுக்கொடுத்ததாகிவிடும். இதை நான் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறேன். மூத்தவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

அரங்குக்குள் முதல் தடையே மயக்க மருந்துதான். முதுகுத்தண்டில் ஊசி போட நோயாளியை உட்காரவைப்பது வழக்கம். இவரால்தான் உட்கார முடியாதே. ஒருக்களித்துப் படுக்கவைத்துப் போடுவோம், அல்லது முழு மயக்கம். தோலுக்கு நேர்கீழே இருக்கும் சிறு கட்டியை அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துத் திறந்துவிடலாம் என்றாலும், அழற்சி இருக்கும் சதையில் அந்த மருந்து சரியாக ஏறாது. வெளியே கதறல் கேட்க வார்டு ஓரத்தில் வைத்துக் கீறிவிடுகிற பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அந்த அனுபவம் ஒருவரை வாழ்நாளுக்கும் மருத்துவமனைப் பக்கம் வரவிடாமல் செய்துவிடும்.

மயக்கம் ஏறியதும்தான் முழுதாகப் பரிசோதிக்க முடிகிறது. விழித்திருக்கும்போது விரல் பட்டாலே துடிக்கிறவரிடம் உள்ளே எவ்வளவு என்று தேடுவது கொடுமை. வெளியே ஒரு சிவப்புகூட இல்லாமல், காய்ச்சலும் உள்வலியும் மட்டும் இருக்கிறவர்களை இந்தப் பரிசோதனைதான் காப்பாற்றும். மேலே ஏறியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுத்தான் கத்தி எடுக்க வேண்டும். இடுப்புக்குள் தேங்கும் சீழ் சில சமயம் குடல்வாலிலிருந்தோ பெருங்குடலிலிருந்தோ இறங்கியதாக இருக்கும். அதைக் கீழ்வழியாகத் திறந்தால், குடலுக்கும் தோலுக்கும் நடுவே ஆறாத ஒரு வழியை நாமே உண்டாக்கிவிடுவோம். சாதாரணக் கட்டிக்கு இந்த ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஸ்கேனுக்காகக் காத்திருப்பதும் தாமதம்தான்.

கீறியதும் சீழ் பீய்ச்சி அடிக்கும். நாற்றம் அறை முழுக்க நிறையும். தோலைக் கூட்டல் குறி போலக் கீறியோ, ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தோ வாயை அகலப்படுத்துவோம். அது சீக்கிரம் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி தேங்கும். உள்ளே விரல் விட்டு அறை அறையாக இருக்கும் தடுப்புகளை மெதுவாக உடைத்து, கழுவி விடுவோம். பின்பக்கமாகச் சுற்றி மறுபுறமும் போயிருக்கிறதா, குதிரை லாடம் போல வளைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு மறுபக்கத்தை விட்டுவிட்டால், மூன்றாம் நாள் அவர் மறுபடி வந்து நிற்பார். பவுத்திரத்தின் உள்வாயை அன்றைக்கே கம்பி விட்டுத் தேடக்கூடாது. வெந்த சதையில் கம்பி எங்கே வேண்டுமானாலும் போகும். இல்லாத பாதையை உண்டாக்கும். தசையைத் தெரியாமல் வெட்டிவிட்டால் மலத்தை அடக்கும் சக்தியே போய்விடும். முப்பது வயதில் ஒருவரிடமிருந்து அதைப் பறித்தால் அவர் வேலை, திருமணம், வெளியே போவது எல்லாம் போச்சு.

அறுவை முடிந்து உணர்வு திரும்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வெட்டுக்காயம் இருக்கிறது, ஆனால் அந்த விண் விண் போய்விட்டது. "வலி எங்க மேடம் போச்சு" என்று ஒரு லாரி டிரைவர் அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் தொழிலில் இவ்வளவு உடனே கிடைக்கும் பலன் அதிகம் இல்லை.

அப்புறம் டிரெஸ்ஸிங். காயக் குழிக்குள் நாடாத் துணியைத் திணித்து அடைத்து, தினம் அதைப் பிடுங்கி மறுபடி திணிப்பது பல தலைமுறைப் பழக்கம். அறுவையைவிட அதுதான் பயங்கரம் என்று நோயாளிகள் சொல்வார்கள். பிரிட்டனில் 50 மருத்துவமனைகளில் 400க்கும் மேற்பட்டவர்களை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள்: திணிக்காமல் விட்டவர்களுக்கு வலி குறைவு, பவுத்திரமோ மறுகட்டியோ கூடவில்லை. ரத்தக் கசிவை நிறுத்த முதல் சில மணி நேரம் அடைத்து வைப்பது வேறு. அதற்குமேல் தினமும் திணிப்பதை நாங்கள் கைவிட்டுவிட்டோம். மேலே ஒரு துணியை வைத்துவிட்டு, தினம் இரண்டு மூன்று முறையும் ஒவ்வொரு முறை மலம் கழித்த பின்பும் டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்காரச் சொல்கிறோம். தண்ணீரால் கழுவும் நம் பழக்கம் இங்கே பெரிய உதவி. மலம் இறுகாமல் இருக்க மருந்து, கீரை, பழம், தண்ணீர். காயம் ஆற மூன்று வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். வார்டுக் கழிப்பறையில் வெந்நீரும் ஒரு சுத்தமான டப்பும் கிடைப்பதற்கு இன்னும் நான் எழுதிக்கொண்டும் கேட்டுக்கொண்டும்தான் இருக்கிறேன்.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டியோடு வருகிற ஒவ்வொருவருக்கும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் வந்து, 400ஐத் தாண்டிய அளவோடு நிற்பவர்கள் உண்டு. பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா, வீட்டில் மகனிடமும் மருமகளிடமும் சொல்லக் கூசி, ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துவிட்டு வந்தார். தோலில் ஒரு கரும்புள்ளி. அதைச் சுற்றி அழுத்தினால் விரலுக்கடியில் நொறுநொறுவென்று காற்றுக் குமிழிகள். 1883இல் பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே விவரித்த, அவர் பெயரையே தாங்கி நிற்கும் சதை அழுகல் அது. ஆண்களுக்கு மட்டும் வருவது என்று முன்பு நினைத்தார்கள், பெண்களுக்கும் வரும். நல்ல சிகிச்சை கிடைத்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோகிற நோய். அன்று இரவு பட்டியலில் அவரைத்தான் முதலில் எடுத்தோம். அழுகிய சதை முழுவதையும் வெட்டி நீக்கினோம். மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் மறுபடி அரங்குக்குக் கொண்டுபோனோம். மலம் காயத்தில் படாமல் இருக்க வயிற்றில் தற்காலிக வழி வைத்தோம். மாதங்கள் கழித்து அந்த வழியையும் மூடி அவர் வீட்டுக்குப் போனார். "முதல்லயே மருமகள்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று மகன் அழுதபோது அவர் சொன்னது: "எப்படிப்பா சொல்றது அந்த இடத்தை." அந்தப் பேச்சை என்னால் மறக்க முடியவில்லை.

வெளியேற்றும் நாளில் இரண்டு விஷயங்களை நானே எழுதிக் கொடுப்பேன். ஒன்று, சீழ்ப் பரிசோதனையின் முடிவு. குடலில் வாழும் கிருமிகள் வளர்ந்திருந்தால் பின்னால் பவுத்திரம் வர வாய்ப்பு அதிகம். தோல் கிருமி மட்டும் என்றால் குறைவு. நம் நாட்டில் காசநோயையும் மறக்கக்கூடாது. மறுபடி மறுபடி வருகிற கட்டி, ஆறாத புண் என்றால் சுவரிலிருந்து சிறு துண்டு எடுத்து அதற்கும் அனுப்ப வேண்டும். குரோன் என்ற குடல் நோயும் இப்படி எட்டிப் பார்க்கும். இன்னொன்று, திரும்பி வர வேண்டிய தேதி. அந்தத் தேதியில் வருபவர்கள் குறைவு. வலி போனதும் கூச்சம் திரும்ப வந்துவிடுகிறது.

ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருக்குப் பின்னால் பவுத்திரம் வரலாம். சரியாகத் திறந்த பிறகும் வரும். அதற்கு நீங்களோ உங்களை அறுத்தவரோ காரணம் என்று எண்ண வேண்டாம். ஆறு வாரம் கழித்தும் அந்த இடத்தில் உள்ளாடை நனைகிறது, ஒரு சிறு கண் திறந்து மூடுகிறது என்றால் அறுவைப் பிரிவு ஓ.பி.க்கு வாருங்கள். அப்போது எம்.ஆர்.ஐ. எடுத்து, பாதை தசையில் எவ்வளவைத் தாண்டுகிறது என்று பார்ப்போம். குட்டையான பாதையைத் திறந்துவிடலாம். ஆழமானதற்குள் நூல் விட்டு வைக்கலாம். ஆயுர்வேத மருத்துவர்கள் செய்யும், கார மருந்து பூசிய நூலைப் பாதைக்குள் கட்டும் கார நூல் முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே அறுவையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1991இல் முடிவை வெளியிட்டது. ஆற நாளாகும், திரும்ப வருவது குறைவு. பட்டம் பெற்று முறையாகச் செய்கிறவரிடம் போகலாம். சுவரொட்டியில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, என்னவென்று தெரியாத மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். கட்டி மாதிரி இதற்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவர வேண்டியதில்லை. வேலைக்கு விடுப்பு கிடைக்கிற மாதம் பார்த்துச் செய்துகொள்ளலாம்.